தரை பாவாத பிள்ளை

பாலாற்றில் தண்ணீர் ஓடாமல் மணல் மட்டும் கிடந்த வருஷங்களில், ஊரில் பாதிப் பேர் கடல் கடந்து போகிற ஷூக்களைத் தைத்துக் கொடுத்துவிட்டு ரப்பர் செருப்போடு வீடு திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், வாட்டர் டேங்க் தெருவின் கடைசி வீட்டில், எழிலரசி பெற்ற பெண் குழந்தை ஒரு நாள் காலை கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, பிடியை விட்டு, முதல் முறையாகத் தனியே நின்றது. நின்ற குழந்தையின் பாதம் தரையில் படவில்லை.

இரண்டு விரல்கடை இருக்கும். பாதத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே வெளிச்சம் நுழைந்து மறுபக்கம் வந்தது. நொய்யரிசி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போன எறும்பு, அந்த வழியாகவே உள்ளே புகுந்து குதிகால் பக்கமாக வெளியேறி, தன் பாட்டுக்குச் சுவரோரம் போனது. குழந்தை அம்மாவைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தது. எழிலரசி முதலில் கதவைச் சாத்தினாள், பிறகு ஜன்னல் துணியை இழுத்துவிட்டாள், அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தூக்கினாள். பயப்பட வேண்டுமென்றோ கும்பிட வேண்டுமென்றோ அவளுக்குத் தோன்றவில்லை, நடுத்தெருவில் முந்தானை நழுவினால் கை தானாக எதற்குப் போகுமோ அதற்குத்தான் அவள் கை போனது.

அவள் கணவன் குபேந்திரன், அவள் தையல் வேலை செய்கிற ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிவரும் வேன் ஓட்டுகிறவன். காலை டிரிப் முடிந்து வந்தவனிடம் அவள் ஒன்றும் சொல்லாமல் குழந்தையை இறக்கி நிற்கவைத்துக் காட்டினாள். அவன் சட்டையைக் கழற்றாமலே தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். விரலை விட்டான். தினசரித் தாளை நாலாக மடித்து விட்டு இழுத்தான். தாள் எதிலும் தட்டாமல் வந்தது.

"எழிலு, ஒரு இட்லி வெக்கலாம்டி கீழ!"

"வாய மூடுங்க. வெளிய கேக்கப் போவுது."

"கேட்டா இன்னா? நம்ம புள்ளதானே. எவன் வீட்டுப் புள்ள இப்படி நிக்குது?"

"அதாங்க நானும் சொல்றேன்," என்றாள் எழிலரசி. "எவன் வீட்டுப் புள்ளயும் இப்படி நிக்கல."

எழிலரசிக்கு மலர்க்கொடி என்று ஓர் அக்கா இருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது மலர்க்கொடி ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கழற்றாமல் வாசலிலேயே பேச்சு மறந்து நிற்க, பக்கத்து வீட்டுக்காரி 'ஐயோ, இந்தப் பொண்ணுக்குக் காலு பாவலையே' என்று கத்த, அந்த ஒரு சத்தத்துக்கு ஊர் முழுக்கக் கூடிவிட்டது. அவர்களுடைய அம்மா மலர்க்கொடியை மலையடிவாரத்துக் கோயில் ஒன்றுக்கு இழுத்துப் போய், கணுக்காலில் சங்கிலி போட்டுக் கல்தூணோடு பூட்டிவைத்தாள். அக்காவுக்குச் சோறு கொண்டுபோகிற வேலை சின்னவளான எழிலரசிக்கு. தூக்குச்சட்டியோடு அவள் போகிற வழியெல்லாம் பேய் பிடித்தவள் தங்கச்சி, பேய் பிடித்தவள் தங்கச்சி என்று பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். பிறகு மலர்க்கொடி தெளிந்தாள், கல்யாணமானது, ஓசூரில் இரண்டு பையன்களோடு குடித்தனம் செய்கிறாள். ஆனால் எழிலரசி அன்றிலிருந்து யார் கண்ணிலும் படாமல் இருப்பதை ஒரு விரதம் மாதிரி செய்துவந்தாள்: வேனில் கடைசி சீட்டு, கல்யாண வீட்டில் தூண் மறைவு, கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு அடியில் ஒரு குரல். அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்படி ஒரு குழந்தை.

லித்திகா என்று பெயர், தெருவுக்கு லித்து. இடுப்பில் வைத்தால் எல்லாப் பிள்ளைகளையும் போலக் கனத்தாள், மடியில் உட்கார்ந்தால் மடி வலித்தது, தூங்கினால் பாயில் பள்ளம் விழுந்தது. எழுந்து நின்றால் மட்டும்தான் தரை அவளைத் தொட வரவில்லை. பகலில் அவளைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு நசீமா. வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோலுக்குக் கைத்தையல் போட்டுக் கொடுக்கிறவள், கணவன் துபாயில். 'தரை சில்லுனு இருக்கு, கீழ விடாதீங்கக்கா' என்று எழிலரசி சொல்லிவிட்டுப் போவாள், நசீமாவும் சரிசரி என்பாள். சீக்கிரமே நசீமாவுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததை அவள் சொல்லவில்லை. சொல்லாமல், ஊசி கீழே விழுந்தால்கூடப் பாப்பாவுக்குக் குத்தாது என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு தைத்தாள்.

தெருவுக்குத் தெரிந்தது அங்கன்வாடியில். அங்கே ஊஞ்சல் மாதிரித் தொங்கும் தராசில் லித்துவைப் போட்டால் முள் சரியாக நகர்ந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கான நிற்கிற மெஷினில் ஏற்றியபோது முள் அசையவில்லை. அங்கன்வாடி டீச்சர் மெஷினைத் தட்டினாள், தான் ஏறிப் பார்த்தாள், திரும்பக் குழந்தையை நிறுத்தினாள், குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா எழிலு, தொங்கினா வெயிட் இருக்குது, நின்னா இல்ல. நான் எதைம்மா எழுதறது?" என்றாள், சலித்துப்போன குரலில்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது. டீக்கடையில் இரண்டு கட்சியானார்கள். பேய்க்குத்தான் கால் பாவாது என்றார்கள் ஒரு பக்கம், சாமிகளுக்கும்தான் பாவாது என்றார்கள் இன்னொரு பக்கம். வெல்டிங் கடை சின்னப்பராஜ் தான் குடித்த கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, 'பேயோ சாமியோ காலையில எட்டு மணிக்கு இந்த டீக்கடை வாசல்ல அம்மா இடுப்புல குந்திக்கினு பிஸ்கட் கேக்காதுப்பா, இது கேக்குது' என்றதோடு பேச்சு முடிந்தது. நசீமா தர்காவில் மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள். ஏ.ஜி. சர்ச் பாஸ்டரின் மனைவி வந்து தலையில் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டு, போகும்போது ரகசியமாகக் குழந்தையின் பாதத்துக்கு அடியில் ஒருமுறை கையை விட்டு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வெற்றிலை ஒன்றை அடியில் நுழைத்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள், அதில் பாஸானவர்களும் இருந்தார்கள், ஃபெயிலானவர்களும் இருந்தார்கள். மார்கழியில் வாசலடைத்துக் கோலம் போட்ட பெண்கள், எழிலரசி வேனேறிப் போன பிறகு லித்துவைக் கூப்பிட்டு அதன் குறுக்கே நடக்கவிட்டு, ஒரு பொடி கலையாமல் அவள் தளிர்நடையாகத் தாண்டிப் போவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச காலம் போனதும் அதையும் விட்டுவிட்டார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம், டேங்கில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள், கடைசி வீட்டுப் பிள்ளைக்குக் கால் பாவாது, குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்கள்.

தெரு பழகிவிட்டது. பழகாதவள் எழிலரசி ஒருத்திதான். யாராவது லித்துவைப் பார்த்துச் சிரித்தால் அவள் அதில் ஒரு கோணலைக் கண்டாள்; சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தாள். கடைக்குப் போனாலும் இடுப்பை விட்டுக் குழந்தையை இறக்கமாட்டாள், நீளப் பாவாடையாகத் தைத்துப் போட்டு ஓரத்தைத் தரை வரைக்கும் இழுத்துவிடுவாள்.

குபேந்திரனின் தங்கை முறைக்காரி ஒருத்தியின் கல்யாணத்தில்தான் அது நடந்தது. சாப்பாட்டுக் கூடத்தில், எழிலரசி கை கழுவப் போன நேரத்தில், குபேந்திரனுடைய அத்தை குழந்தையை வாங்கி நடுக்கூடத்தில் நிறுத்தி, பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'வாங்க, வாங்க, பாருங்க எங்க வீட்டு அதிசயத்த' என்று கூப்பிட்டாள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்கள். போட்டோகிராபர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு வந்தான். நாலைந்து பேர் செல்போனைத் தரையோடு தரையாக வைத்துப் படம் எடுத்தார்கள். எழிலரசி ஈரக்கையோடு ஓடிவந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போகும்போது, யாரோ ஒரு பெண்ணின் குரல், நல்லெண்ணத்தோடுதான், சொன்னது: "அம்மாக்காரி வழியா வந்திருக்கும். இவங்க அக்காவுக்கும் இப்படித்தானாம், கட்டி வெச்சிருந்தாங்களாம்."

வேனில் திரும்பி வரும்போது எழிலரசி அழவில்லை. குழந்தையின் இரண்டு பாதத்தையும் ஒரே உள்ளங்கையில் அடக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பஜாரில் ஷூ வாங்கினாள், நடந்தால் கீச்கீச் என்று கத்தும் ஷூ. போட்டு நிறுத்தியதும் ஷூவோடு சேர்ந்து குழந்தை எழும்பி நின்றது. ஷூவின் அடிக்கும் தரைக்கும் நடுவே அதே இரண்டு விரல்கடை. கீச்சென்று கத்தக்கூட அதற்குத் தரை கிடைக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு இரும்பு ஞாபகம் வந்தது. பெரியவர்கள் ஷூவில் அடித்தோலுக்குள், குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரைக்கும் வளையாமல் இருக்க ஒரு இரும்புப் பட்டை வைப்பார்கள். ஷாங்க் என்று பெயர். அதில் வளைந்ததும் துளை தவறியதுமாகக் கழித்துப்போட்டவை கம்பெனி மூலையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பிடி அள்ளி, புளிசாதத்துக்கு அடியில் போட்டு டிபன் பாக்ஸை மூடினாள். இதுவரை அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு நூல்கண்டுகூட எடுத்துப் போகாதவள்.

அன்றைக்குக் கேட்டில் டிபன் பாக்ஸை ஆட்டிப் பார்த்த செக்யூரிட்டி அம்மா, சாதம் இப்படிச் சத்தம் போடாதே என்று திறந்தாள். பின்னால் வரிசையாக நூறு பெண்கள். எண்ணெய் மினுக்கிக்கொண்டு பட்டைகள் வெளியே வந்தன.

"இன்னாம்மா இது? பழைய இரும்புக் கடையில போட்டா டீச் செலவுக்குக் காணுமா இது? எதுக்கு எடுத்துனு போற?"

எழிலரசி பட்டைகளைக் கையால் மறைக்கப் பார்த்தாள்.

"சூப்பர்வைசரக் கூப்பிடட்டா? சொல்லு, எதுக்கு?"

"எம் பொண்ணுக்கு," என்றாள் எழிலரசி. பின்னால் வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. "அவளத் தரையில நிக்க வெக்கணும்."

செக்யூரிட்டி அம்மா பட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே போட்டு, மேலே சாதத்தை ஒதுக்கி மூடி, கொக்கியை அழுத்திக் கையில் கொடுத்தாள். "போ," என்றாள்.

அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மறுநாள் சாயங்காலம் வேனில் அவளுடைய கடைசி சீட்டுக்குப் பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்தும் கொண்டைக்குள்ளிருந்தும் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்தும் ஆளுக்கொரு பட்டையை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். கோவிலில் உண்டியலில் போடுகிற மாதிரி, ஒன்றும் பேசாமல், முகத்தைப் பார்க்காமல். மடி கனத்தது. எழிலரசிக்கு வேனிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

ஷூவை அவளே தைத்தாள். கம்பெனியில் வெட்டிக் கழித்த மெரூன் நிறத் தோல், உள்ளே பூனைக்குட்டி வயிறு போல மெத்தென்ற லைனிங், கட்டுவதற்கு வெள்ளை நாடா. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அழகான குழந்தை ஷூ. அடித்தோல் இரண்டுக்கும் நடுவே மட்டும் பட்டைகளைப் படுக்கை படுக்கையாக அடுக்கி, பசை போட்டு, சுற்றித் தைத்து மூடினாள். குபேந்திரன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான்.

"உங்கக்கா கால்ல போட்டாங்களே சங்கிலி, அது இந்த வெயிட்டு இருந்திருக்குமா?"

எழிலரசி அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் அவனோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

முதல் நாள் லித்து விரல்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு பாதத்தை உள்ளே விடமாட்டேன் என்றாள். உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டி, அவள் சிரித்து விரலை விரித்த நொடியில் நுழைத்து நாடாவைக் கட்டினாள் எழிலரசி. கட்டி முடித்ததும் சிரிப்பு நின்றது. குழந்தை தன் இரண்டு கால்களையும், யாரோ வீட்டுக்கு வந்து போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தது. பிடித்து நிறுத்தினால் ஈரத்தில் மிதித்த பூனை மாதிரி ஒரு காலைத் தூக்கித் தூக்கி உதறியது, பொத்தென்று உட்கார்ந்தது, நாடாவைப் பல்லால் கடித்தது. மறுநாள் ஒரு ஷூவைக் காணோம். தேடினால் தண்ணீர்க் குடத்துக்குள் கிடந்தது. இன்னொரு நாள் அரிசி டிரம்முக்குள். ஒரு கையில் பிஸ்கட்டும் ஒரு கையில் ஷூவுமாக எழிலரசி வீட்டுக்குள் துரத்த, குழந்தை கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு அழ, 'பச்சைப் புள்ளய ஏண்டி படுத்தற' என்று நசீமா சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கத்த, எழிலரசி விடவில்லை. பால் குடிக்கும்போது போட்டாள், தூக்கத்தில் போட்டாள், கதை சொல்லிக்கொண்டே போட்டாள்.

ஒரு நாள் காலை அடுப்படியில் இருந்தவளுக்குப் பின்னால் 'டொக்' என்று கேட்டது. பிறகு இன்னொரு 'டொக்'. திரும்பினால் லித்து சுவரைப் பிடிக்காமல், கையிரண்டையும் விரித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, ஒவ்வொரு காலையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல இழுத்து இழுத்து வைத்து வந்துகொண்டிருந்தாள், ஷூவின் அடி தரையில் முழுதாகப் பதிந்திருந்தது. எழிலரசி அப்போதுதான் அழுதாள். கதவை விரியத் திறந்து வைத்து, தெரு பார்க்கக் குழந்தையை வாசலில் நடக்கவிட்டாள். டொக், டொக் என்று கேட்டு வீட்டுக்கு வீடு பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். நல்லாயிருக்கு என்றார்கள். ஷூ அழகா இருக்கு என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை என்பதை எழிலரசி அன்றைக்குக் கவனிக்கவில்லை.

லித்து பழகிக்கொண்டாள். பிள்ளைகள் எதற்கும் பழகிவிடுகிற மாதிரிதான், முதலில் மறந்துபோய், அப்புறம் பிடித்துப்போய். ஷூ என்று வாயில் வராமல் 'ஊ' என்றாள். எழுந்தவுடன் ஊ வேண்டும், சாப்பிட ஊ வேண்டும், ஊ இல்லாமல் பாயை விட்டு இறங்கமாட்டாள். பெரியவர்கள் வேட்டியை இடுப்பில் இறுக்குவது போல நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொள்வாள். ஒரு சாயங்காலம், ஷூவைக் கழற்றிவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்து கதவைத் தட்டினார். தட்டுகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், குழந்தை எண்ணெய்க் காலோடு தவழ்ந்து போய் ஷூவின் நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் மடியில் போட்டு, ஜட்டியோடு உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கால்களின் மேல் மூடிக்கொண்டது.

குபேந்திரன் பார்த்துக்கொண்டிருந்தான். "இத நீ சொல்லிக் கொடுத்தியா?" என்றான்.

"இல்லங்க," என்றாள் எழிலரசி. அவள் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது நிஜம்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிப்பாட்டித் துவட்டுவதற்குள் குழந்தை கையிலிருந்து நழுவிக் கூடத்துக்கு ஓடியது. சப், சப், சப் என்று ஒரு சத்தம். துண்டோடு பின்னாலேயே வந்த எழிலரசி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பாத்ரூம் கதவிலிருந்து கட்டில் வரைக்கும் சிமெண்டுத் தரையில் சின்னச் சின்னதாக ஈரப் பாதங்கள், ஐந்து விரலும் குதிகாலும் அச்சுக் குத்தினாற்போல. குபேந்திரனைக் கூப்பிட்டாள். அவன் வந்து, அன்றைக்குப் படுத்தது போலவே படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தான். விரல் போகவில்லை. தாளை நாலாக மடித்தான், பிறகு இரண்டாக, பிறகு ஒற்றைத் தாளாகவே நுழைத்துப் பார்த்தான்.

"போவலடி," என்றான். சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தான்.

எழிலரசி கேட்டது கிடைத்துவிட்டது. ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் போல ஒரு பிள்ளை. சந்தோஷம் வரும் என்று அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஈரப் பாதங்கள் ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டே வந்து ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. வந்தது வேறு ஓர் அவமானம். கல்யாணக் கூடத்தில் வந்த அவமானத்தை ஷூவால் மூடினாள். இதை எதைக்கொண்டு மூடுவது, யாரிடமிருந்து மூடுவது என்று தெரியவில்லை.

தெரு அதையும் ஏற்றுக்கொண்டது. 'எறங்கிட்டாளாமே' என்று, காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று கேட்கிற குரலில் கேட்டார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தண்ணீர் நேரத்தையும் குப்பை வண்டியையும் மட்டும் சொன்னார்கள், நடுவில் ஒரு மூச்சு விட்டு. பாஸ்டரின் மனைவி ஒருமுறை வந்து, உட்காராமலே போய்விட்டாள். வேனில், ஆளுக்கொரு பட்டை போட்ட பெண்கள் எழிலரசி ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அவளைக் குற்றம் சொல்லி அல்ல, தாங்கள் கொடுத்ததை அவள் எங்கே சொல்லிக்காட்டிவிடுவாளோ என்ற மாதிரி.

லித்துவுக்கு இனி ஷூ தேவையில்லை. எழிலரசி அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். ஆனால் குழந்தை வெறுங்காலோடு நிற்க மறுத்தது. இறக்கிவிட்டால் உட்கார்ந்துகொண்டு, கால்களைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, 'ஊ, ஊ' என்று பரணைப் பார்த்து அழுதது. தெரியாதவர் கேட்டால் யாரையோ கூப்பிட்டு ஒப்பாரி வைக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

அழுகை தாங்காமல் ஒரு மத்தியானம் எழிலரசி ஓசூருக்குப் போன் போட்டாள். நலம் விசாரித்து, பையன்கள் படிப்பை விசாரித்து, வேறு எதையோ கேட்பது போலக் கேட்டாள்.

"மலருக்கா, அன்னிக்கு நெஜமாவே உனக்குக் காலு தரையில படலையா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் அதைப் பேசியதே இல்லை.

"படலன்னு எல்லாரும் சொன்னாங்க," என்றாள் மலர்க்கொடி. "எனக்குத் தெரியாதுடி. நான் எங்க கீழ பாத்தேன்? நம்ம அம்மா மூஞ்சியத்தானே பாத்துக்கினு இருந்தேன்."

"அம்மா மூஞ்சி எப்படி இருந்திச்சு?"

"அத வுடு," என்றாள் மலர்க்கொடி. "சின்னவனுக்கு டியூசனுக்கு நேரமாச்சு, வெக்கிறேன்."

சித்திரை வெயில் ஏறிய பிறகு நசீமா மொட்டைமாடியில் வடாம் போட்டாள். ஜவ்வரிசிக் கூழைக் காய்ச்சி, சேலைத்துணியை விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கரண்டி கரண்டியாக வட்டம் வட்டமாக ஊற்றிக்கொண்டே வந்தாள். லீவு நாள் என்பதால் எழிலரசி கூட நின்று கூழ்ப் பானையைத் தூக்கிக் கொடுத்தாள். வெறுங்காலோடு தூக்கிவந்த லித்துவைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காரவைத்திருந்தாள். வழக்கம்போலக் கால்களைச் சட்டைக்குள் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மாடியில் இரண்டு பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள், எதிர் மாடியில் ஒருத்தி மிளகாய் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஒரு காக்கை வந்து துணியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தது. பிள்ளைக்கு எல்லாம் மறந்துவிட்டது. 'கா' என்று கூவிக்கொண்டு எழுந்து, ஓடினாள், நேராக, வடாத்தின் மேலேயே. காக்கை பறந்தது. நடுத்துணியில் போய் நின்றாள். பிசுக்கென்று கூழ் விரலிடுக்கில் ஏறியது. பின்னால் வழியெல்லாம் வட்டங்கள் நசுங்கிப் பாதம் பாதமாகக் கிடந்தன.

"அல்லா! எம் வடாம்!" என்று கத்தினாள் நசீமா. எதிர் மாடி, பக்கத்து மாடி எல்லாம் திரும்பிப் பார்த்தன.

லித்து காலைப் பார்க்கவில்லை, வடாத்தைப் பார்க்கவில்லை, கத்தின நசீமாவைக்கூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து எழிலரசியின் முகத்தைப் பார்த்தாள். தன் காலைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த முகத்தில் தேடினாள். தேடிக்கொண்டே இரண்டு கையாலும் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சட்டை முழங்கால் வரைக்கும்தான் வந்தது. உதடு கோணியது. "ஊ," என்றாள்.

எழிலரசிக்குக் கை பரபரத்தது. ஓடிப்போய்த் தூக்கி, முந்தானையால் காலை மூடி, மாடிப்படியில் இறங்கிவிட வேண்டும். எத்தனை கண்கள் பார்க்கின்றன என்று திரும்பிப் பார்க்காமலே அவளால் சொல்ல முடியும். அவள் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டாள். கூழில் ஒரு காலை வைத்தாள், பிறகு மறு காலை. வெயிலில் கூழ் இளஞ்சூடாக இருந்தது. வரிசை வரிசையாக மிதித்துக்கொண்டு துணியின் நடுவுக்குப் போனாள்.

"ஏய்! புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" நசீமா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். "அது பச்சா, தெரியாம மெதிக்குது. மாடாட்டம் வளந்த பொம்பள நீயும் மெதிக்கிறியே!"

எழிலரசி மாடிகள் எல்லாவற்றுக்கும் கேட்கிறாற்போல, வாழ்க்கையில் அதுவரை எழுப்பாத குரலில் சொன்னாள்.

"இன்னாக்கா பண்றது? எங்க ரெண்டு பேருக்கும் காலு தரையில பாவுதே!"

எதிர் மாடிக்காரி மிளகாய் கிளறுவதை நிறுத்தினாள். நசீமாவின் கரண்டியிலிருந்து கூழ் சொட்டியது. எழிலரசிக்கு முகம் காது வரைக்கும் எரிந்தது, அந்த முகத்தைக் கொண்டுபோய் எங்கேயாவது புதைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குழந்தை இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை; பிள்ளை பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே காட்டிக்கொண்டு நின்றாள்.